பிள்ளைக்கு மருத்துவக் காப்பீடு வேண்டுமா? முதலில் ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள்

சிவகாசிக்கு வெளியே ஒரு சின்ன இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று மூன்றில் ஒன்றில் வேலை பார்க்கிறவர்கள்தான் என் கடைக்கு வருவார்கள். வருமானச் சான்று கேட்டு அவசரமாக ஓடி வருகிறவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வீட்டில் யாரோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள் என்று. "அக்கா, இன்னைக்கே கிடைக்குமா? பிள்ளைக்கு ஆபரேசன்னு சொல்லிட்டாங்க." இன்றைக்கே கிடைக்காது. பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறபோதே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீடு என்று ஒன்று வந்தது; 2012 ஜனவரியில் இப்போதுள்ள பெயரில் இந்தத் திட்டம் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் 'கலைஞர் கார்டு' என்றுதான் கேட்பார்கள். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இதைச் சேர்த்தார்கள். இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பிள்ளைக்குத் தனியாக 5 லட்சம், அப்பாவுக்குத் தனியாக 5 லட்சம் என்று இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். பிரீமியம் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. 2022-இல் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்று யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசே கட்டுகிறது. அதனால் "ஐந்நூறு கொடுங்க, காப்பீட்டு கார்டு வாங்கித் தர்றேன்" என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். கார்டுக்குக் காசு கிடையாது.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்தது, 2022 ஜனவரியில் உயர்த்தினார்கள். பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 'நமக்கெல்லாம் கிடைக்காது' என்று விட்டுவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு எந்த வகை என்பதை வைத்தும் முடிவு செய்துவிடாதீர்கள். முன்னுரிமை கார்டு இல்லாவிட்டாலும் வருமானம் இந்த வரம்புக்குள் இருந்தால் பதியலாம்.

சரி, இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் விஷயத்தில் இடிக்கிற இடம் வேறு. காப்பீட்டில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் உள்ள குடும்பம். பிள்ளையின் பெயர் கார்டில் ஏறவில்லை என்றால், காப்பீட்டுக் கணக்கில் அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில் இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காப்பீடு இருக்கும், மூன்று வயதுக் குழந்தைக்கு இருக்காது. இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஏன் ஏறாமல் போகிறது? பெரும்பாலும் கல்யாணத்தில் தொடங்குகிற கதைதான். பெண் கல்யாணமாகி வருவாள், அவள் பெயர் சாத்தூரில் அம்மா வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். பையன் பெயர் இங்கே அவன் அப்பா கார்டில் இருக்கும். 'அப்புறம் தனிக் கார்டு போட்டுக்கலாம்' என்று தள்ளிப் போடுவார்கள். அதற்குள் பிள்ளை பிறந்துவிடும். பிள்ளையை எந்தக் கார்டில் சேர்ப்பது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு பேச்சு வரும், கடைசியில் எந்தக் கார்டிலும் சேர்த்திருக்க மாட்டார்கள். இதற்கு நான் சொல்கிற வழி இதுதான். இரண்டு பெயரையும் பழைய கார்டுகளிலிருந்து நீக்கி, பிள்ளையையும் சேர்த்துப் புதிய கார்டுக்கு மனுப் போடுங்கள். பெயர் நீக்கம் சீக்கிரம் முடியும். புதுக் கார்டு வரத் தாமதமாகும். பெண் வீட்டில் ஒருவருக்கு ஓடிபி வரும், அதை அவர் போனில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மாமனாரோடு பேசாமல் இருந்தால் அதுவே ஒரு மாதத்தை விழுங்கிவிடும். நான் சொல்வது வேடிக்கை இல்லை.

கணவன் மனைவி இருவரும் ஏற்கெனவே ஒரே கார்டில் இருந்தால் வேலை சுலபம். பிறப்புச் சான்றிதழும் பிள்ளையின் ஆதாரும் வைத்து இணையத்திலேயே பெயர் சேர்க்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒப்புதல் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, தாள்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பிறப்புச் சான்றிதழ். பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பதிந்துவிடுவார்கள். கர்ப்பமாக இருந்தபோது செவிலியர் பதிந்து கொடுத்த ஆர்சிஹெச் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள், பிறப்புப் பதிவில் அதைக் கேட்பார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்கிறோம் இல்லையா, அதனால் சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருக்கும். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். பிள்ளைக்கு மொட்டை போட்டு காது குத்தும்போதுதான் பெயர் என்று காத்திருக்கிற குடும்பங்கள், இந்த ஒரு வருடத்தை மறக்க வேண்டாம்.

அடுத்து ஆதார். 5 வயதுக்குள் என்றால் கைரேகை, கண் எதுவும் எடுக்க மாட்டார்கள். போட்டோவும் பெற்றோரில் ஒருவர் ஆதாரும் போதும், பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை பதிந்து புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் வேறு எங்காவது சரிபார்க்கிறபோது மாட்டிக்கொள்ளும்.

பெயர் எழுத்தை மட்டும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். சான்றிதழில் 'கவின்', ஆதாரில் 'கவின் குமார்', ரேஷன் கார்டில் 'கவின்குமார் மு' என்று மூன்று பெயர் இருந்தால் கம்ப்யூட்டர் மூன்று பிள்ளை என்றுதான் நினைக்கும். பிறப்புச் சான்றிதழை மூலமாக வைத்து, மற்றதை அதற்குத் தகுந்தாற்போல் திருத்துங்கள்.

அப்புறம் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். இ-சேவையில் உங்களைப் பதிந்த கேன் எண் முன்பே இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் போட்டுத் தருவோம். ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ, வருமானம் பற்றி ஒரு உறுதிமொழி. மனு விஏஓவுக்கு (கிராம நிர்வாக அலுவலர்) போய், ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, மேலே ஒப்புதலாகும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது இருக்கிறது. விஏஓ விசாரிக்கும்போது பலர் "வாரத்துக்கு மூவாயிரம் வருது சார்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கேட்பது ஆண்டு வருமானம். தீபாவளி முடிந்ததும் ஆலை மூடிக் கிடக்கிற வாரங்கள், மழையில் காய வைக்க முடியாமல் போகிற நாட்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் அம்மா வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் அந்த ஆண்டுக்குள்தான் வருகின்றன. பொய் சொல்லச் சொல்லவில்லை. எந்த மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நீங்கள் வாயால் சொல்வதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்தக் கணக்கையே காட்டுங்கள். சொந்த வீடு, பைக் இருக்கிறது என்பதால் தகுதி போய்விடாது; கேள்வி வருமானத்தைப் பற்றி மட்டும்தான்.

இந்த மூன்றும், பிள்ளை பெயர் ஏறிய ரேஷன் கார்டும் கையில் வந்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். எங்களுக்கு விருதுநகர். போட்டோ எடுப்பார்கள் என்பதால் முடிந்தவரை குடும்பமாகப் போவது நல்லது. ஊரில் மருத்துவ முகாம் நடந்தால் சில நேரம் அங்கேயே பதிவார்கள், செலவு மிச்சம். ஏற்கெனவே காப்பீட்டு எண் இருக்கிறவர்கள் 'நமக்குத்தான் இருக்கே' என்று இருந்துவிடாதீர்கள். பதிவு மையத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 2012-இல் எடுத்த கார்டில் 2019-இல் பிறந்த பிள்ளை தானாக வந்து உட்காராது.

இலங்கைத் தமிழர் முகாம்களில் இருக்கிற குடும்பங்களுக்கு வருமான வரம்பு இல்லை. வடமாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை பார்க்கிற தொழிலாளர் குடும்பங்களும் உரிய சான்று வைத்துப் பதியலாம். எங்கள் பக்கம் அச்சகங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இப்போது கார்டு வந்துவிட்டது. அதை வைத்து என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று புறநோயாளியாகக் காட்டி மாத்திரை வாங்குவதற்கு இது உதவாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, தடுப்பூசியும் அங்கே இலவசம். காப்பீடு உள்ளே சேர்த்துப் பார்க்கிற பெரிய சிகிச்சைக்கு: இதய அறுவை, புற்றுநோய், சிறுநீரகம், தீக்காயம், எலும்பு, பிறந்த குழந்தைக்கான தீவிர சிகிச்சை இப்படி. காது கேளாமல் பிறந்த பிள்ளைகளுக்கு 6 வயதுக்குள் காது கேட்க உதவுகிற காக்ளியர் கருவியை அறுவை செய்து பொருத்துவதும் இதில் வருகிறது. ஆறு வயது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'கொஞ்சம் லேட்டாப் பேசுவான், அவங்க தாத்தாவும் அப்படித்தான்' என்று நான்கு வயது வரை தள்ளிப்போடுகிற வீடுகள் இருக்கின்றன. முன்பே இருந்த நோய் என்று சொல்லி இதில் தட்டிக்கழிக்க முடியாது, முதல் நாளிலிருந்தே எல்லாம் உண்டு. தனியார் காப்பீட்டில் இது கிடைக்காத சலுகை.

தனியார் மருத்துவமனைக்குப் போனால், 'இங்கே முதலமைச்சர் காப்பீடு உண்டா' என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ஒரு மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கும், குழந்தை இதய அறுவைக்கு இருக்காது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனையில் மட்டும்தான் செய்யலாம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் திட்டத்துக்கென்று அங்கே உட்கார்ந்திருக்கிற தொடர்பு அலுவலரைத் தேடிப் போய், பிள்ளையின் நோயைச் சொல்லிக் கேளுங்கள்: "இந்த ஆபரேசனுக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கா? முன் அனுமதி கேட்டு அனுப்பியாச்சா? வெளியே எழுதிக் கொடுக்கிற மருந்து, ஸ்கேனுக்கு நாங்க காசு கட்டணுமா?" பதிலைச் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இதே வேலையைப் பார்க்க வார்டு மேலாளர் இருப்பார்.

காப்பீட்டிலிருந்து முன் அனுமதி வந்த பிறகு சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. ஆனாலும் கேட்கிற இடம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு அச்சகத் தொழிலாளியிடம் ஒரு தனியார் மருத்துவமனையில் 'காப்பீட்டில் வராத டெஸ்ட்' என்று எட்டாயிரம் கட்டச் சொன்னார்கள். அவர் சண்டை போடவில்லை. "எந்த டெஸ்ட்டுன்னு எழுதி, பில் போட்டுக் குடுங்க, கட்டிடுறேன்" என்றார். பில் வரவில்லை, அப்புறம் கேட்கவும் இல்லை. அப்படியும் வற்புறுத்தினால் 1800 425 3993 என்ற கட்டணமில்லாத எண்ணுக்கு அங்கிருந்தே போன் போடுங்கள், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். 104-லும் கேட்கலாம். அதற்கு மேல் மாவட்டத் திட்ட அலுவலர் இருக்கிறார், ஆட்சியர் தலைமையில் குறைதீர்க்கும் குழுவும் இருக்கிறது.

கார்டே இல்லாமல் பிள்ளையைச் சேர்த்துவிட்டீர்களா? பதற வேண்டாம். அரசு மருத்துவமனை என்றால் காப்பீடு இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள்; எங்களுக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரி, சென்னைப் பக்கம் என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. ஒருவர் பிள்ளையோடு இருக்க, இன்னொருவர் மருத்துவமனைக் கடிதம், ரேஷன் கார்டு, வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம். சாலை விபத்து என்றால் கார்டே தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை யாருக்கும் இலவசம்.

இனி, காப்பீடு என்ற பெயரே இல்லாமல் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரு வழி. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் ஒரு மருத்துவக் குழு வரும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழு அது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள். இதயத்தில் ஓட்டை, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், கண், காது என்று ஏதாவது தெரிந்தால் மேல் சிகிச்சைக்கு அனுப்பி, அறுவை சிகிச்சை வரை இலவசமாகச் செய்து தருவார்கள். அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைப் புத்தகப் பைக்குள் விட்டுவிடாமல் வாங்கிப் பாருங்கள். பிள்ளைகள் அந்தச் சீட்டில் ராக்கெட் செய்துவிடும்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சம்பளத்தில் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் ஈஎஸ்ஐ உண்டு. தொழிலாளியிடம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். நம் ஆட்கள் இதை வெறும் பிடித்தம் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அது. முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்காத காய்ச்சல் மருந்து, புறநோயாளி சிகிச்சை எல்லாம் ஈஎஸ்ஐயில் கிடைக்கும். சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பும் இல்லை. சிவகாசியிலேயே ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இங்கும் அதே கதை: வேலைக்குச் சேரும்போது பேச்சிலராக இருந்தவர், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் குடும்ப விவரத்தைச் சேர்த்திருக்க மாட்டார். சூப்பர்வைசரிடம் பத்து இலக்க ஈஎஸ்ஐ நம்பரைக் கேட்டு வாங்கி, மனைவி, பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஆபீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நிராமயா என்று தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. இதன் பெரிய நன்மை, பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை போன்றவற்றுக்கும் பணம் கிடைக்கும் என்பது. நாம் முதலில் செலவு செய்துவிட்டுப் பிறகு வாங்க வேண்டும், ஆகவே ஒவ்வொரு ரசீதையும் வையுங்கள். அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் எது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள், அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பம்.

வருமானம் 1,20,000-ஐத் தாண்டிவிட்டது, ஈஎஸ்ஐயும் இல்லை என்கிற குடும்பத்துக்குத்தான் கஷ்டம். அவர்கள் தனியாரிடம் குடும்பம் முழுமைக்குமான ஒரே பாலிசி எடுப்பது நல்லது. பிள்ளைக்கு மட்டும் என்று பெரும்பாலும் தர மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, யாராவது சேர்த்துப் போட்டால் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். அறை வாடகைக்கு வரம்பு வைத்த பாலிசியை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாங்கிப் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விருதுநகருக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை போகாதீர்கள், மனு நாள், ஆட்சியர் அலுவலகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள். எல்லாத் தாளின் அசலோடு இரண்டு நகலும் வேண்டும். ஜெராக்ஸ் இங்கேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அங்கே ஒரு பக்கத்துக்கு என்ன கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. பதிவு முடிந்ததும் கொடுக்கிற எண்ணை வீட்டில் இரண்டு பேர் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஒன்று அம்மா போனாக இருக்கட்டும்.